வெள்ளைக் கோயிலுக்கு ஒரு சுவர்

அரிசோனாவில் இருக்கும் அத்தை மகன் சில வருடங்களுக்கு முன் ஊருக்கு வந்தபோது, அட்டைக் குழாய்க்குள் சுருட்டி ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம் கொண்டுவந்தான். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் அதை விரித்து, சுருண்டுகொள்ளாமல் இருக்க நாலு மூலையிலும் புத்தகம் வைத்துப் பார்த்தோம். கறுத்த வானம். அதன் கீழே வெள்ளை வெளேரென்று ஒரு தேவாலயம். இடது கோபுரத்துக்கு மேலே குவிமாடம் இருந்தது. வலது கோபுரம் மொட்டையாக நின்றது.

கண்ணுக்கு மேல் கை வைத்துக் குனிந்து பார்த்த சின்ன அப்பத்தா முதல் பார்வையிலேயே கேட்டார்கள்: "இந்தக் கோபுரத்துக்கு ஏன்டா அப்பு கலசம் வைக்கல? பணம் பத்தலையா?"

அவன் சிரித்துவிட்டு, "தெரியலையே ஆயா" என்றான். அந்தக் கேள்வி எனக்குள் தங்கிவிட்டது. அதைத் தேடிப் போனதில்தான் ஒரு படத்தைச் சுவரில் மாட்டுவதற்கு முன் எவ்வளவு தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்று புரிந்தது. காரைக்குடி பக்கம் பழைய வீட்டில் குடியிருப்பவர்களுக்கும், கட்டடப் படங்களில் ஆசை உள்ளவர்களுக்கும் பயன்படட்டும் என்று எனக்கு நேர்ந்ததை எழுதுகிறேன்.

படத்தில் இருப்பது சான் சேவியர் டெல் பாக். டூசான் நகருக்குத் தெற்கே சுமார் 16 கிலோமீட்டரில், தொஹோனோ ஓதாம் என்ற பழங்குடி மக்களின் நிலத்தில் இருக்கிறது. எசேபியோ கீனோ என்ற இயேசு சபைக் குரு 1692-இல் அந்த ஊருக்கு வந்து மிஷனைத் தொடங்கினார். இப்போது நிற்கும் கட்டடம் அவர் காலத்தது இல்லை. ஸ்பெயின் மன்னர் 1767-இல் இயேசு சபையினரைத் தன் நாடுகள் எல்லாவற்றிலிருந்தும் வெளியேற்றினார். பிறகு வந்த பிரான்சிஸ்கன் துறவிகள் 1783 முதல் 1797 வரை கட்டியது இது. சின்ன அப்பத்தாவின் கேள்வியும் வீண் கேள்வி அல்ல. கட்டடத்தைத் தொடங்கிய குரு ஒரு பண்ணையாரிடம் 7,000 பெசோ கடன் வாங்கியிருக்கிறார். அதற்கு அவர் காட்டிய ஈடு, இனிமேல் விளையப்போகும் கோதுமை. பர்மாவிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கல் செய்த குடும்பங்கள் உள்ள ஊர் எங்கள் ஊர். விதைக்காத வெள்ளாமையை ஈடாக வைத்து ஒரு கோயில் எழும்பியது என்று சொன்னதும், அந்தப் படம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சொந்தமாகிவிட்டது.

பெயரும் நமக்கு அந்நியம் இல்லை. சான் சேவியர் என்பவர் நம் புனித சவேரியார்தான். ஸ்பெயினின் நவார் பகுதியில் பிறந்து, 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்து கடற்கரை ஊர் ஊராக நடந்தவர். இன்னொரு ஒற்றுமையும் உண்டு. கீனோ அந்தப் பாலைவன ஊரில் கால் வைத்த அடுத்த வருடம், 1693 பிப்ரவரி 4 அன்று, அதே இயேசு சபையைச் சேர்ந்த அருளானந்தர் நம் மறவர் சீமையில், ஓரியூரில், தலை வெட்டுண்டு இறந்தார். அவர் போர்த்துக்கீசியர். ஆனால் இரண்டு இடத்து மிஷனும் ஒன்றல்ல. அமெரிக்காவில் மிஷன் என்றால் கோயில், குடியிருப்பு, வயல், பட்டறை எல்லாம் ஒரே வளாகம்; பின்னால் ஸ்பெயின் அரசின் படையும் கஜானாவும் இருக்கும். 1606-இல் ராபர்ட் தெ நொபிலி வந்து இறங்கிய மதுரை மிஷனுக்கு அப்படி எந்தப் படையும் இல்லை. இங்குள்ள மன்னர்களும் பாளையக்காரர்களும் இருக்கவிட்டால் குருக்கள் இருப்பார்கள், விரட்டினால் காட்டு வழியாக அடுத்த ஊருக்குப் போவார்கள். அரிசோனாவில் அந்த வெள்ளைச் சுவரை எழுப்பிய கைகள் பெரும்பாலும் ஓதாம் மக்களுடையவை. படத்தில் ஒரு மனிதன்கூட இல்லை. சுவரில் அழகுக்காக மாட்டும்போது அந்தக் கைகளை நினைக்காமல் மாட்டக் கூடாது என்பது என் எண்ணம். வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்கு அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சரி, மாட்டிய கதைக்கு வருகிறேன்.

முதல் தடவை எல்லாவற்றையும் தப்பாகச் செய்தேன். படத்தை ஒரு பிரேம் கடையில் கொடுத்தேன். கண்ணாடியைப் படத்தின் மேலேயே ஒட்டவைத்து, பின்னால் சாதாரண ஹார்ட்போர்டு அடித்து, பளபளக்கும் கறுப்புப் பட்டி போட்டுக் கொடுத்தார்கள். வளவின், அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்பகுதியின், மேற்குப் பக்கச் சுவரில் அறைந்த ஆணியில் மாட்டினேன். அந்தச் சுவர் மட்டும் பழைய பூச்சு உதிர்ந்து, பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பு சிமெண்டு பூசி பிளாஸ்டிக் பெயிண்டு அடித்தது. மற்ற சுவர்கள் கொள்ளுத் தாத்தா காலத்து வெள்ளைப் பூச்சு. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காய்த் தண்ணீரும் சேர்த்து அரைத்துப் பூசி, கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளிங்குபோல் ஆக்கியது. சித்திரை வெயிலிலும் அதில் கன்னத்தை வைத்தால் குளிரும்.

ஐப்பசி மழை பிடித்தது. கார்த்திகையில் ஒரு நாள் விளக்கு ஏற்றும்போது பார்க்கிறேன், வானத்தின் கறுப்பில் வட்டவட்டமாக மினுமினுப்பு. படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இறக்கிப் பார்த்தால் ஹார்ட்போர்டு நமத்துப்போய், அதன் மேல் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சணம். சுவரில் படம் இருந்த இடம் நீள்சதுரமாக வியர்த்திருந்தது. பெயிண்டு கொப்புளம் விட்டு, விரல் வைத்தால் உள்ளே உப்புப் பூத்த மாவு கொட்டியது. வேறு எந்தச் சுவரிலும் ஓதம் இல்லை.

எங்கள் வீட்டு வேலைகளைப் பார்க்கும் கொத்தனாரைக் கூப்பிட்டேன். தட்டிப் பார்த்துவிட்டு, "சுவர் மூச்சு விடணும் சார். நீங்க மூக்கைப் பொத்திட்டீங்க" என்றார். தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக மெல்ல வெளியே போய்விடும். சிமெண்டும் பிளாஸ்டிக் பெயிண்டும் அதை அடைத்தால் செங்கல்லுக்குள்ளேயே நின்று உப்பைத் தள்ளும். அதன் மேல் ஒரு படத்தையும் சாத்திவைத்தால் அது மூன்றாவது மூடி.

இதில் என்னை உலுக்கியது என்னவென்றால், படத்தில் இருந்த கோயிலுக்கும் இதே நோய்தான் வந்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் பழுதுபார்க்கிறேன் என்று சான் சேவியரின் மேல் சிமெண்டு பூசினார்கள். ஈரம் உள்ளே சிக்கி, உட்சுவரில் இருந்த பழைய ஓவியங்கள் கெட ஆரம்பித்தன. 1980-களின் இறுதியில் தொடங்கிய சீரமைப்பில் அந்தச் சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி சுண்ணாம்புக்கே போனார்கள். சுண்ணாம்போடு என்ன சேர்த்தார்கள் தெரியுமா? சப்பாத்திக்கள்ளியின் கொழகொழப்பான சாறு. நம் கடுக்காய்க்கும் வெல்லத்துக்கும் அங்கே அதுதான் மாற்று. மானாமதுரைப் பக்கம் ரோட்டோரத்தில் கிடக்கும் அந்தக் கள்ளியைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது எனக்கு அரிசோனா நினைவு வருகிறது.

எங்கள் சுவரிலும் சிமெண்டைக் கொத்தினோம். ஒரு கோடை முழுக்க வெறும் செங்கல்லாகக் காயவிட்டோம். பிறகு சுண்ணாம்புச் சாந்து, கடுக்காய் ஊறிய தண்ணீர், மேலே வெள்ளைப் பூச்சு. பழைய சுவர் மாதிரி பளிங்கு வரவில்லை; அந்தக் கை இப்போது சிலரிடம்தான் இருக்கிறது, கூலியும் அதிகம். ஆனால் சுவர் காய்ந்தது. ஆகவே நான் சொல்லும் முதல் யோசனை படத்தைப் பற்றியதே இல்லை. எந்தச் சுவரில் மாட்டப்போகிறீர்களோ அதை ஒரு மழைக்காலம் கவனியுங்கள். காலையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ஒரு செய்தித்தாளைச் சுவரில் நாலு மூலையும் டேப் ஒட்டி இரண்டு நாள் விட்டு எடுத்துப் பார்த்தால், நமத்திருக்கிறதா மொடமொடப்பாக இருக்கிறதா என்று அதுவே சொல்லிவிடும்.

அந்த முதல் படம் போனது போனதுதான். கண்ணாடியிலிருந்து பிரிக்கப் போய் வானத்தில் பாதி உரிந்துவிட்டது. அத்தை மகன் கோபித்துக்கொள்ளாமல் அதே படத்தை மறுபடி வாங்கி அனுப்பினான். அதை மாட்டியபோது கற்றுக்கொண்டவைதான் இனி வருபவை.

படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே இடைவெளி வேண்டும். அதற்குத்தான் மவுண்ட் அட்டை. அழகு அதற்கு அடுத்ததுதான். அமிலம் இல்லாத அட்டை என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண அட்டை சில வருடத்தில் வெட்டிய ஓரத்தில் காவி ஏறி, அந்தக் காவி படத்துக்கும் இறங்கும். அட்டையின் நிறத்தில் நான் ஒரு நாள் முழுக்கச் செலவழித்தேன். கடைக்காரர் தூய வெள்ளையை எடுத்து வைத்தார். வைத்த மாத்திரத்தில் படத்தில் இருந்த வெள்ளைக் கோயில் அழுக்கு வேட்டிபோல் ஆகிவிட்டது. படத்துக்குள் இருக்கும் வெள்ளையைவிட அட்டை வெள்ளையாக இருந்தால் கண் அட்டையைத்தான் வெள்ளை என்று எடுத்துக்கொள்கிறது. ஒரு சாயை குறைந்த, அரிசி நிற அட்டை வைத்ததும் கோயில் மறுபடி வெயிலில் நின்றது. எங்கள் சுவர் நிறமும் ஏறக்குறைய அதுதான்.

சட்டத்துக்குக் காரைக்குடிக்காரர்கள் வெளியே அலைய வேண்டாம். முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பர்மாத் தேக்குச் சட்டங்கள் கிடைக்கின்றன. ஒரு காலத்தில் யாரோ ஒரு ஐயாவின் படமோ ரவிவர்மா படமோ இருந்தவை. வாங்கும்போது பின்பக்கம் திருப்பி மூட்டுகளைப் பாருங்கள். விரல் கணுவால் தட்டிக்கொண்டே போங்கள். கரையான் தின்ற இடத்தில் சத்தம் பொள்ளலாக வரும். மரத்தைக் குலுக்கி மாவு கொட்டுகிறதா என்று பாருங்கள். பழைய பின்பலகையை மட்டும் மறுபடி போடாதீர்கள். ராமபாணப் பூச்சி அதில்தான் குடியிருக்கும்.

எப்படி மாட்டுவது என்பதை நம் வீட்டு முன்னோர் படங்களிடமே கற்றுக்கொண்டேன். வளவுச் சுவரில் ஐயாக்களும் ஆயாக்களும் ஏன் தலையைக் குனிந்தாற்போல் சாய்ந்து நிற்கிறார்கள்? சின்ன வயதில் அது மரியாதை என்று நினைத்தேன். காரணம் வேறு. கீழ்ச்சட்டம் ஒரு மரக்கட்டைமேல் நிற்கும், மேல்பக்கம் கயிற்றில் முன்னால் சாய்ந்திருக்கும். முற்றத்து வானம் கண்ணாடியில் விழாது. பின்னால் காற்று ஓடும். பல்லி முட்டையிட மூலையும் கிடைக்காது. என் படத்துக்கும் கீழ் இரண்டு மூலையில் பாட்டில் தக்கையை வட்டமாக அறுத்து ஒட்டினேன். சுவருக்கும் படத்துக்கும் நடுவே அரை அங்குலம் காற்று. உயரம் மட்டும் முன்னோர் வழியில் போகவில்லை. அவர்கள் நம்மைப் பார்ப்பதற்காக மேலே இருக்கிறார்கள். இந்தப் படத்தை நாம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். நின்று பார்ப்பவரின் கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, ஊஞ்சலில் உட்கார்ந்தாலும் தெரியும்படி வைத்தேன்.

பழைய வெள்ளைப் பூச்சில் ஆணியைச் சுத்தியலால் அறையவே கூடாது. கண்ணாடி விரிவதுபோல் விரிந்து, தட்டு அளவுக்குப் பெயர்ந்து விழும். டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, சுத்தியல் அடி இல்லாத வெறும் சுழற்சியில், சின்ன பிட்டால் மெதுவாகத் துளை போடச் சொல்லுங்கள். முடிந்தால் ஏற்கெனவே இருக்கும் பழைய கொக்கியையே பயன்படுத்துங்கள். எங்கள் கொள்ளுத் தாத்தா கொக்கி அடித்த இடங்களில் ஒன்றுகூட இன்றுவரை ஆடவில்லை.

அரிசோனாப் படம் தனியாக நிற்பது எனக்கு ஒரு குறையாகவே பட்டது. நம் மாவட்டத்திலேயே ஒரு மிஷன் கோயில் இருக்கும்போது அதற்கு ஏன் ஒரு படம் இல்லை? அப்படித்தான் இடைக்காட்டூருக்குப் போனேன். மதுரை ராமேசுவரம் சாலையில், மதுரையிலிருந்து வந்தால் மானாமதுரைக்கு முன்னால், வைகைக் கரையில் இருக்கும் திருஇருதய ஆண்டவர் திருத்தலம். பிரெஞ்சு நாட்டு இயேசு சபைக் குரு பெர்டினான்ட் செல் 1894-இல் கட்டியது. பிரான்சின் ரெய்ம்ஸ் பேராலயத்தை மனதில் வைத்து எழுப்பிய கோத்திக் கட்டடம். ரெய்ம்ஸில் கல்லில் செதுக்கியதை இங்கே சுட்ட மண்ணில் செய்திருக்கிறார்கள். பூ, இலை, வளைவு, தூண் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அச்சில் வார்த்துச் சுட்ட செங்கற்கள். கடத்துக்கும் பானைக்கும் பேர்போன மானாமதுரைக்குப் பக்கத்தில் மண்ணாலேயே ஒரு கோத்திக் கோயில் எழுந்தது எவ்வளவு பொருத்தம். முதல் உலகப் போரில், 1914 செப்டம்பரில், ஜெர்மன் பீரங்கிக் குண்டுகளில் ரெய்ம்ஸின் கூரை எரிந்தது. அன்றைக்கு அதன் மண் தங்கை வைகைக் கரையில் இருபது வயதோடு நின்றிருக்கிறாள்.

அங்கே போவதற்கு முன் ஒரு பாடம் படித்திருந்தேன். நியூ மெக்சிகோவில் ராஞ்சோஸ் தெ தாவோஸ் என்ற ஊரில் 1816-இல் கட்டி முடித்த ஒரு மண் தேவாலயம் இருக்கிறது. ஆன்சல் ஆடம்ஸ் எடுத்த அதன் படம் புகழ்பெற்றது. பால் ஸ்ட்ராண்டும் எடுத்தார், ஜார்ஜியா ஓ'கீஃப் வரைந்தார். மூவரையும் இழுத்தது முன்வாசல் இல்லை, பின்பக்கம். சன்னலோ கதவோ இல்லாத, யானைக்கால் மாதிரி அகன்ற மண் முட்டுச்சுவர்கள். வெயில் நகர நகர அதில் நிழல்தான் கட்டடமாக நிற்கும். எனவே இடைக்காட்டூரில் பங்குத்தந்தையிடம் அனுமதி கேட்டுக்கொண்டு முதல் நாள் கேமராவை எடுக்காமலே கோயிலைச் சுற்றினேன். காலை, பத்து மணி, மாலை என்று எந்தப் பக்கச் சுவரில் எப்போது வெயில் சாய்ந்து விழுகிறது என்று ஒரு நோட்டில் குறித்தேன். நேராக விழும் வெயிலில் அந்த அச்சுச் செங்கற்கள் சுவரோடு சுவராகப் படுத்துவிடும். சாய்ந்த வெயிலில் ஒவ்வோர் இலையும் தனித்தனியாக எழுந்து நிற்கும். மறுநாள் திரும்பிப் போய்த்தான் எடுத்தேன். பூசை நேரத்திலும் திருவிழா நாளிலும் போகாதீர்கள்; வேண்டுதலோடு வருகிறவர்களுக்கு நடுவில் முக்காலியை விரிப்பது அழகல்ல.

படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது பெரிய ஏமாற்றம். அரிசோனாப் படத்தில் வானம் கறுத்து, கோயில் பளிச்சென்று இருப்பதற்குக் காரணம் சிவப்பு ஃபில்டர் என்று தெரிந்து வைத்திருந்தேன். அது நீலத்தைக் கறுப்பாக்கும், வெள்ளையை விட்டுவிடும். கணினியில் அதே சிவப்பு ஃபில்டரை இடைக்காட்டூருக்குப் போட்டேன். செங்கல் எல்லாம் வெளிறிச் சோகை பிடித்ததுபோல் ஆகிவிட்டது. சிவப்பு ஃபில்டருக்குச் சிவப்பு என்றால் வெளிச்சம். இந்தக் கோயிலின் உயிரே சிவப்பு. பச்சை ஃபில்டருக்கு மாற்றியதும் செங்கல் கனத்தது, சுட்ட மண்ணின் எடை வந்தது. வானம் சாதாரணச் சாம்பலாகிவிட்டது, போகட்டும். எந்தக் கட்டடமானாலும் அது என்ன பொருளால் ஆனது என்று கேட்டுவிட்டுத்தான் ஃபில்டரைத் தொட வேண்டும் என்று அன்று தெரிந்துகொண்டேன். சுண்ணாம்புக்கு ஆகும் மருந்து செங்கல்லுக்கு ஆகாது.

பிரிண்ட் போடுவதில் இரண்டு விஷயம். வாட்ஸ்அப்பில் வந்த படத்தைக் கொடுக்காதீர்கள். சாதாரணத் தரத்தில் அனுப்பியிருந்தால் நீளப் பக்கத்தில் 1,600 புள்ளி அளவுதான் மிஞ்சியிருக்கும். 24 அங்குலத்துக்கு விரித்தால் அங்குலத்துக்குச் சுமார் 67 புள்ளி, கிட்டப் போனால் கோலம் மாதிரி தெரியும். 200-க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதாவது 4,800. கேன்வாஸ், ஃப்ளெக்ஸ் இரண்டும் நம் மழைக்கு வேண்டாம், தொய்ந்துவிடும். பருத்திக் காகிதத்தில் நிறமி மையால் போடுவது செலவு கூட, ஆனால் கறுப்பில் பச்சையோ சிவப்போ ஏறாது.

அடுத்தது இன்னும் முக்கியம். முழு அளவில் போடுவதற்கு முன், படத்தின் ஒரு பகுதியை மட்டும் கை அகலத்தில் மூன்று விதமாகப் போடச் சொல்லி, வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டப்போகும் சுவரில் ஒட்டிப் பாருங்கள். லேபில் ட்யூப்லைட் வெளிச்சத்தில் கச்சிதமாக இருந்த துண்டு எங்கள் வளவின் மங்கலில் இருட்டுக் குகையாகிவிட்டது. சன்னல் வளைவுக்குள் இருந்த செங்கல் வரிசை மறைந்தே போனது. வளவுக்கு முற்றத்து வானம்தான் விளக்கு. அங்கே நிழல்களை ஒரு படி தூக்கிப் போட வேண்டியிருந்தது. மூன்று துண்டையும் ஒரு வாரம் சுவரில் வைத்திருந்தேன். காலையில் ஒன்று பிடித்தது, மாலையில் இன்னொன்று. விளக்கு வைத்த பிறகும் சன்னல் வளைவு தெரிந்த துண்டைத்தான் தேர்ந்தெடுத்தேன்.

இடைக்காட்டூரை மாட்டிய அன்று சின்ன அப்பத்தாவை நாற்காலியில் உட்காரவைத்து எதிரே கொண்டுவந்தேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்கள். "இது மண்ணு, அது சுண்ணாம்பு" என்றார்கள். கறுப்பு வெள்ளையில்! நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. வெள்ளைப் பூச்சுக்கு முட்டை உடைத்துக் கொடுத்த கை அது.

ஐப்பசி பிறக்கும் முன் இரண்டு படத்தையும் இறக்கி, காய்ந்த துணியால் பின்பக்கம் துடைத்து, சட்டத்தின் பின்னால் பென்சிலில் தேதி எழுதி, மறுபடி மாட்டுகிறேன். சுவரையும் அப்போது தொட்டுப் பார்ப்பேன். போன வருடம் மழை கொஞ்சம் நின்றதும், மனசு கேட்காமல் மறுபடியும் இறக்கிப் பார்த்தேன். அட்டை மொடமொடவென்று இருந்தது, சுவரில் நீள்சதுரம் விழவில்லை.